ஒரு கையொப்பம் எதுவரை செல்லும்?

அறுவை அரங்கில் அகற்றப்படும் கட்டியோ, ஊசி வழியே எடுக்கப்படும் சதைத் துணுக்கோ அதன்பின் எங்கே போகிறது என்று எங்களிடம் கேட்கும் நோயாளிகள் மிகக் குறைவு. ‘ரிப்போர்ட் எப்போது வரும்?’ என்பதே எல்லோருடைய கேள்வியாகவும் இருக்கிறது. உயிரைப் பற்றிய அச்சம் நெஞ்சை அழுத்தும் வேளையில் வேறு எதையும் கேட்கத் தோன்றாது. ஆயினும், கேட்கப்படாத அந்தக் கேள்விக்குப் பின்னால் மருத்துவ உலகம் இன்னும் முழுமையாகத் தீர்க்காத ஒரு கடன் இருக்கிறது. நோய்க்குறியியல் துறையில் பணிபுரியும் நாங்கள் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசக் கடமைப்பட்டவர்கள். உங்கள் திசு வந்து சேரும் இடம் எங்கள் மேசைதான்.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறோம். வந்த திசு பார்மலினில் ஊறவைக்கப்பட்டு, பிறகு பாரஃபின் மெழுகில் பதிக்கப்படுகிறது. அந்த மெழுகுக் கட்டியிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய சீவல்களை வெட்டி, கண்ணாடிச் சில்லுகளில் ஏற்றி, சாயமிட்டு, நுண்ணோக்கியில் பார்க்கிறோம். நோயின் பெயரும் தன்மையும் இவ்வாறே உறுதியாகின்றன. பெரும்பாலும் கட்டியில் ஒரு பகுதி எஞ்சிவிடும். அதை எறிந்துவிடுவதில்லை, ஆண்டுக்கணக்கில் பாதுகாக்கிறோம். நோய் திரும்பினால் ஒப்பிட்டுப் பார்க்கவும், புதிய மருந்து ஒன்று பலன் தருமா என்று அறியவும், வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறவும் அது தேவைப்படும். இதுவரை எல்லாம் நோயாளியின் நன்மைக்காகவே. அதே மெழுகுக் கட்டி ஆராய்ச்சிக்கும் பயன்படக்கூடியது என்னும் இடத்தில்தான் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்னும் பெண்மணி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்தார். வயது முப்பது. வர்ஜீனியா மாநிலத்தின் க்ளோவர் என்ற சிற்றூரில், புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்த கறுப்பினப் பெண். கணவர் எஃகு ஆலைத் தொழிலாளி. ஐந்தாவது குழந்தை பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கறுப்பினத்தவருக்குச் சிகிச்சை தரும் பெரிய மருத்துவமனைகள் அப்பகுதியில் மிகச் சிலவே. அங்கும் அவர்களுக்குத் தனி வார்டுதான். கருப்பை வாயில் ஒரு கட்டி இருப்பதைக் கண்ட மருத்துவர்கள், அது புற்றுநோய் என்று உறுதி செய்தனர். அக்கால வழக்கப்படி ரேடியம் வைத்துச் சிகிச்சை தொடங்கப்பட்டது.

சிகிச்சைக்கு முன் அவர் ஒரு படிவத்தில் கையொப்பமிட்டிருந்தார். தம் சிகிச்சைக்குத் தேவையெனக் கருதும் எந்த அறுவை முறையையும் மருத்துவர்கள் செய்யலாம் என்பதே அதன் பொருள். மயக்கத்தில் இருந்தபோது, ரேடியத்தைப் பொருத்துவதற்கு முன்பாக, கட்டியிலிருந்து ஒரு துணுக்கையும் அருகிலிருந்த நலமான திசுவிலிருந்து ஒரு துணுக்கையும் மருத்துவர் வெட்டியெடுத்தார். நோயறிதல் ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஆகவே சிகிச்சைக்கு அந்தத் துணுக்குகள் தேவைப்படவில்லை. மனித உயிரணுக்களை உடலுக்கு வெளியே வளர்க்க நெடுங்காலமாக முயன்றுகொண்டிருந்த ஜார்ஜ் கை என்னும் ஆய்வாளருக்காக அவை எடுக்கப்பட்டன. ஹென்றியெட்டாவிடம் யாரும் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை.

நலமான திசுவின் உயிரணுக்கள் வழக்கம்போல் மடிந்துபோயின. கட்டியின் உயிரணுக்கள் மடியவில்லை. ஏறத்தாழ நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக் குடுவைகளை நிறைத்தன. பெயரின் முதலிரு எழுத்துகளையும் குடும்பப் பெயரின் முதலிரு எழுத்துகளையும் சேர்த்து அவற்றுக்கு ‘ஹீலா’ என்று பெயரிட்டனர். அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று, முப்பத்தொரு வயதில், ஹென்றியெட்டா இறந்தார்.

இறந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பிரேதப் பரிசோதனைக்கு மருத்துவமனை அனுமதி கேட்டபோது கணவர் முதலில் மறுத்துவிட்டார். சில பரிசோதனைகள் செய்தால் பிற்காலத்தில் பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடும் என்று சொல்லப்பட்டதும் இசைந்தார். அந்தப் பரிசோதனையிலும் ஆய்வகத்திற்காகத் திசுக்கள் எடுக்கப்பட்டன. பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எந்தத் தந்தைதான் மறுப்பார்? அப்படிப் பெற்ற இசைவை ஒப்புதல் என்று ஏட்டில் எழுதலாம். எங்களுக்கு அந்தச் சொல்லை இங்கே பயன்படுத்த மனம் வரவில்லை.

ஹீலா உயிரணுக்களால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. 1954இல் அமெரிக்காவில் சால்க்கின் போலியோ தடுப்பூசி இலட்சக்கணக்கான குழந்தைகளிடம் பரிசோதிக்கப்பட்டபோது, அது எதிர்ப்பாற்றலை உண்டாக்கியதா என்று அறிய இந்த உயிரணுக்களே பெருமளவில் பயன்பட்டன. (தடுப்பூசியே இவற்றில்தான் தயாரானது என்று சிலர் எழுதுகின்றனர், அது தவறு. அதற்குக் குரங்கின் சிறுநீரக உயிரணுக்கள் பயன்பட்டன.) அந்தத் தேவைக்காக ஹீலாவைப் பெருக்கிய கூடம் அலபாமாவின் டஸ்கீகி நிறுவனத்தில் இருந்தது, கறுப்பின அறிவியலாளர்களே அதை நடத்தினர். அதே டஸ்கீகி வட்டாரத்தில், அதே ஆண்டுகளில், சிஃபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆண்களுக்கு மருந்து தராமலே நோய் எப்படி முற்றுகிறது என்று அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை பார்த்துக்கொண்டிருந்தது. 1932இல் தொடங்கிய அந்த ஆய்வு 1972 வரை நீடித்தது. அறிவியலின் இரு முகங்களும் ஒரே ஊரில் இருந்திருக்கின்றன.

எண்பதுகளில் ஜெர்மானிய மருத்துவர் ஹரால்டு சூர் ஹவுசனின் குழு, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி வைரஸின் 18ஆம் வகையைக் கண்டறிந்தது. அந்த வைரஸ் ஹீலாவுக்குள்ளும் இருந்தது. ஹென்றியெட்டாவைக் கொன்றது எது என்பது அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவருடைய உயிரணுக்களிலேயே தெரியவந்தது. இந்த வைரஸுக்கான தடுப்பூசி இன்று நம் நாட்டிலும் கிடைக்கிறது. ஒன்பது முதல் பதினான்கு வயது வரையிலான பெண் குழந்தைகள் உள்ள வீட்டார் அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கட்டுரையின் போக்கிலிருந்து விலகினாலும், இதைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை.

இனிக் குடும்பத்துக்கு வருவோம். எங்கள் பார்வையில் 1951இல் நடந்ததைவிட 1973இல் நடந்ததே பெரிய தவறு.

1951க்கு ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. எஞ்சிய திசுவுக்கு ஒப்புதல் வேண்டும் என்று அன்று சட்டம் இல்லை. எல்லா மருத்துவமனைகளிலும் அதுவே வழக்கம். இலவச வார்டில் சிகிச்சை பெறுவோரை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவது நியாயமே என்று மருத்துவர்கள் கருதினர். ஜார்ஜ் கையும் அந்த உயிரணுக்களை விற்றுப் பொருள் சேர்க்கவில்லை. கேட்ட ஆய்வாளர்களுக்கெல்லாம் வாரி வழங்கினார். இவையெல்லாம் உண்மை. ஆனால், இரண்டு பத்தாண்டுகள் கழித்து அந்த வழக்கம் கேள்விக்குள்ளாகியிருந்த காலத்திலும் அக்குடும்பம் அதே முறையில்தான் நடத்தப்பட்டது.

அந்த இருபது ஆண்டுகளில் ஹீலா உலகெங்கும் பரவிவிட்டது. வணிக நிறுவனங்கள் அதைக் குப்பிகளில் அடைத்து விற்றன. விண்வெளிக்கும் அது அனுப்பப்பட்டது. அதன் வளர்ச்சி எவ்வளவு வேகமெனில், ஆய்வகங்களில் இருந்த வேறு உயிரணுக்களோடு கலந்து அவற்றையே விழுங்கிவிட்டது. வெவ்வேறு என்று நம்பப்பட்ட பல உயிரணு வரிசைகள் உண்மையில் ஹீலாதான் என்று 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர் அறிவித்தார். எது ஹீலா, எது அன்று என்று பிரித்தறிய வேண்டுமானால் ஹென்றியெட்டாவின் மரபுக்கூறுகள் தெரிய வேண்டும். அவர் இல்லை. அவருடைய கணவரும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

தாயின் உயிரணுக்கள் ஆய்வகங்களில் உயிரோடு இருக்கின்றன என்பதே 1973இல்தான், அதுவும் தற்செயலாக, ஓர் அறிமுகமானவர் வழியே குடும்பத்தின் மருமகள் ஒருவருக்குத் தெரியவந்தது. அதே காலத்தில் மருத்துவமனையிலிருந்து வந்து குடும்பத்தாரிடம் இரத்தம் எடுத்தனர். எதற்காக என்பது அவர்களுக்குப் புரியும்படி சொல்லப்படவில்லை. மகள் டெபோரா, தாய் இறந்தபோது இரண்டு வயதுகூட நிறையாத குழந்தை. இப்போது இருபதுகளில் இருந்தார். தாயைக் கொன்ற நோய் தமக்கும் இருக்கிறதா என்று பார்க்கவே இரத்தம் எடுக்கிறார்கள் என்று அவர் நம்பினார். முடிவு வரும் என்று காத்திருந்தார். தாயின் வயதை எட்டும்போது தாமும் இறந்துவிடுவோமோ என்று அஞ்சினார்.

பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பது என்னவென்று இந்த இதழின் வாசகர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. ஓர் இரவே நீளும். டெபோரா, வராத ஒரு முடிவுக்காகக் காத்திருந்தார். அது அவருக்கான பரிசோதனையே அன்று. ‘இந்த இரத்தம் எங்கள் ஆய்வுக்காக, உங்கள் உடல்நலத்தைப் பற்றி இதிலிருந்து எதுவும் சொல்ல இயலாது’ என்று யாராவது ஒருவர் அமர்ந்து சொல்லியிருந்தால், அந்த அச்சம் முளையிலேயே போயிருக்கும். அதற்குச் சட்டமோ பணமோ தேவையில்லை. பத்து நிமிடம் போதும். பின்னர் தாயின் உயிரணுக்களில் கிருமிகளைச் செலுத்துகிறார்கள், விண்வெளிக்கு அனுப்பினார்கள் என்றெல்லாம் படித்தபோது, தாய்க்கு வலிக்குமோ என்றுகூட அவர் கலங்கினார். அதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருக்கலாம். உயிரணு என்றால் என்னவென்று சொல்லித் தராதவர்கள் சிரிக்க உரிமையற்றவர்கள்.

அதோடும் முடியவில்லை. 1976இல் குடும்பத்தாரின் மரபியல் விவரங்கள் அறிவியல் இதழில் வெளியாயின. எண்பதுகளில் வெளிவந்த ஒரு நூலில் ஹென்றியெட்டாவின் மருத்துவக் குறிப்புகளே இடம்பெற்றன. தாய் பட்ட வேதனையை அச்சில் படிக்கும் நிலை பிள்ளைகளுக்கு ஏற்பட்டது. 2013 மார்ச்சில் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஹீலாவின் முழு மரபணுத் தொகுதியையும் வெளியிட்டனர். ஹென்றியெட்டாவின் மரபணுக்களில் பாதி அவருடைய ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்கின்றன. பேரப்பிள்ளைகளிடமும் ஒரு பங்கு இருக்கிறது. ஆகவே உலகின் முன் திறந்து வைக்கப்பட்டது இறந்துபோன ஒருவரின் தகவல் மட்டுமன்று. அப்போதும் குடும்பத்தாரிடம் யாரும் கேட்கவில்லை.

எங்கள் துறையினர் சிலரிடம் ஒரு வாதம் உண்டு. எஞ்சிய திசு எப்படியும் கழிவாகப் போக வேண்டியது. அதை ஆராய்ச்சிக்கு எடுத்தால் யாருக்கு என்ன இழப்பு? கலிபோர்னியாவில் ஜான் மூர் என்னும் நோயாளியின் வழக்கு இதற்கு ஒரு விடை. இரத்தப் புற்றுநோய்க்காக 1976இல் அவருடைய மண்ணீரல் அகற்றப்பட்டது. அவருடைய உயிரணுக்களைக் கொண்டு மருத்துவர் ஓர் உயிரணு வரிசையை உருவாக்கினார். 1984இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், தொடர் பரிசோதனை என்ற பெயரில் மூர் பலமுறை வரவழைக்கப்பட்டார். 1990இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளை ஒருசேர வழங்கியது: அகற்றப்பட்ட உயிரணுக்கள் மீது மூருக்குச் சொத்துரிமை இல்லை, ஆனால் தம் ஆராய்ச்சி நலனையும் பொருளாதார நலனையும் மறைத்தது மருத்துவரின் கடமை மீறல். முதல் பாதியைப் பற்றிச் சட்ட வல்லுநர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அதில் நாங்கள் நுழையவில்லை. இரண்டாம் பாதி எங்களைப் பற்றியது. ‘அடுத்த மாதம் வந்து இரத்தம் கொடுங்கள்’ என்று மருத்துவர் சொன்னால் அது தம் நலனுக்கே என்று நோயாளி நம்புகிறார். அந்த நம்பிக்கையை வேறொன்றுக்குச் செலவிட எங்களுக்கு உரிமையில்லை.

மற்றொரு வாதம்: ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் ஆராய்ச்சி நின்றுவிடும். 2013இல் நடந்ததைப் பாருங்கள். குடும்பத்தின் எதிர்ப்புக்குப் பின் அந்த மரபணுத் தகவல் திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனங்களின் இயக்குநராக இருந்த ஃபிரான்சிஸ் காலின்ஸ் குடும்பத்தாரை நேரில் சந்தித்துப் பேசினார். ஆகஸ்டில் உடன்பாடு ஏற்பட்டது. விண்ணப்பித்து அனுமதி பெறும் ஆய்வாளர்கள் தகவலைப் பயன்படுத்தலாம். விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் லாக்ஸ் குடும்பத்தார் இருவர் இருப்பர். அறுபது ஆண்டுகளாகக் கேட்கப்படாத குடும்பம், கேட்டவுடன் ‘வேண்டாம்’ என்று கதவை அடைக்கவில்லை. ஆராய்ச்சி நடக்கட்டும், எங்களுக்கும் தெரியட்டும் என்றே சொன்னது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். உயிரணுக்கள் விற்பனையான ஆண்டுகளில் அக்குடும்பத்தில் பலருக்கு மருத்துவக் காப்பீடுகூட இல்லை. ஹென்றியெட்டாவின் வாரிசுகள் தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின் மீது 2021இல் தொடுத்த வழக்கு 2023இல் சமரசத்தில் முடிந்தது, நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை. ஆய்வுக்குக் கொடுக்கப்படும் திசுக்களில் மிகப் பெரும்பாலானவற்றால் யாருக்கும் ஒரு காசும் வருவதில்லை என்பதையும் நோயாளிகள் அறிந்திருக்க வேண்டும். வரக்கூடும் என்றால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டியது கேட்பவரின் பொறுப்பு.

நம் நாட்டுக்கு வருவோம். 2008இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கியது. நோயறிவதற்கான உள்நோக்கிப் பரிசோதனைக்கு ஒப்புதல் அளித்திருந்த ஒரு பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, தாயாரின் இசைவைப் பெற்றுக் கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. உயிருக்கு ஆபத்தான அவசரநிலை இல்லாதபோது, ஒன்றுக்குத் தந்த ஒப்புதல் மற்றொன்றுக்குச் செல்லாது. வயதுவந்த நோயாளி சுயநினைவு திரும்பியதும் முடிவெடுக்க முடியும் என்றிருக்கையில் உறவினரின் ஒப்புதல் போதாது என்று நீதிமன்றம் கூறியது. அது சிகிச்சை தொடர்பான வழக்கு. ஆராய்ச்சிக்கு அந்த நியாயம் இன்னும் வலுவாகப் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நன்னெறி வழிகாட்டுதல்கள், ஆய்வுக்காகத் திசு கொடுப்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்றும், அவர் பின்னர் விலகிக்கொள்ளலாம் என்றும் கூறுகின்றன. அதே வேளையில், அடையாளம் நீக்கப்பட்ட எஞ்சிய திசுக்களைத் தனி ஒப்புதல் இன்றிப் பயன்படுத்த நன்னெறிக் குழு அனுமதிக்கலாம். இந்த விலக்கு தேவையானதே. பழைய மெழுகுக் கட்டிகள் இல்லாமல் எங்கள் துறையில் பல கேள்விகளுக்கு விடை காண முடியாது. ஆனால் மரபணு ஆய்வு என்று வரும்போது ‘அடையாளம் நீக்கப்பட்டது’ என்னும் சொல்லின் மீது எங்களுக்கு முழு நம்பிக்கை இல்லை. பெயரை நீக்கலாம்; மரபணுவை நீக்க முடியாது. அத்தகைய ஆய்வுகளுக்கு விலக்கு கேட்காமல் நோயாளியிடமே கேட்க வேண்டும்.

நம் ஊர் வழக்கம் ஒன்றும் இதில் குறுக்கிடுகிறது. ‘அம்மாவிடம் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள்’ என்று மகன் கைகூப்புகிறார். படிவத்தில் கணவரோ மகனோ கையொப்பமிடுகிறார். அன்பினால்தான் செய்கின்றனர்; அதைக் குறைகூற மாட்டோம். ஆயினும், ஆராய்ச்சிக்கான ஒப்புதலில் மட்டும் இந்த வழக்கம் கூடாது. தம் உடலின் ஒரு பகுதி ஆய்வகத்திற்குப் போகிறது என்பதை அந்த அம்மாள்தான் முதலில் அறிய வேண்டும். முடிவும் அவருடையதாக இருக்க வேண்டும். மரபணு ஆய்வு என்றால் பிள்ளைகளுக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். கையொப்பம் அவருடையது, தகவல் குடும்பத்தினுடையது.

சிகிச்சைக்கான படிவமும் ஆராய்ச்சிக்கான படிவமும் வெவ்வேறு தாள்களாக இருக்க வேண்டும் என்பதை வற்புறுத்துகிறோம். அறுவைக்கு முந்தைய இரவு, பத்துத் தாள்களுக்கு நடுவே பதினோராவதாக அது நீட்டப்படக் கூடாது. கேட்பவர் சிகிச்சை அளிக்கும் மருத்துவராக இல்லாதிருப்பது இன்னும் நல்லது. கத்தியைப் பிடிக்கப் போகிறவரிடம் மறுப்புச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

இதையெல்லாம் படித்துவிட்டுப் பயாப்சி வேண்டாம் என்று யாரும் ஒதுங்கிவிடக் கூடாது. பால்டிமோரின் கறுப்பின மக்களிடையே, இரவில் தெருவில் நடப்போரை ஆய்வுக்காக மருத்துவமனையினர் பிடித்துச் செல்வர் என்ற அச்சம் தலைமுறைகளாக இருந்தது. ஒளிவுமறைவான மருத்துவம் அத்தகைய அச்சங்களுக்குத் தீனி போடுகிறது. பயாப்சி உங்கள் நோயை அறிவதற்கானது. அதைத் தள்ளிப்போடுவது நோய்க்கே உதவும். படிவத்தில் ‘ஆராய்ச்சி’, ‘ஆய்வு’, ‘கற்பித்தல்’ என்ற சொற்கள் இருந்தால் மட்டும் நிறுத்திக் கேளுங்கள்: என்ன ஆய்வு, மரபணுவைப் பார்ப்பார்களா, வெளியே அனுப்புவார்களா, முடிவு எங்களுக்குச் சொல்லப்படுமா? விரும்பினால் கொடுங்கள். விருப்பமில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள்; அதனால் உங்கள் சிகிச்சையில் எதுவும் குறையக் கூடாது. குறைந்தால் நன்னெறிக் குழுவின் செயலரிடம் எழுதிக் கொடுக்கலாம். மெழுகுக் கட்டிகளும் கண்ணாடிச் சில்லுகளும் வேறிடத்தில் இரண்டாம் கருத்துப் பெறத் தேவைப்பட்டால், எங்கள் துறையில் எழுதிக் கேளுங்கள். வரும்போது அறிக்கையின் நகலையும் கொண்டு வாருங்கள். அதன் மேற்பகுதியில் உள்ள எண்ணை வைத்துத்தான் உங்கள் திசுவைத் தேடி எடுக்க முடியும்.